நீ பேசியதால் போகவில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குக் கிளம்புகிறாய் என்பது எனக்குக் கவிதா சொல்லித்தான் தெரியும். உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கே இருக்கிற அவர்களுடைய இன்னொரு ஆஸ்பத்திரிக்கு உன்னை மாற்றியிருக்கிறார்களாம். பிரச்சினை ஆறும்வரை அங்கே இரு என்றார்களாம். மருமகள் போனில் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்து அறையில் நீ இருந்திருப்பாய். "அத்தை, அவரு ஒங்க மேல ரொம்பக் கோவமா இருக்காரு. 'எங்கம்மாவே என்னையக் காட்டிக்குடுத்துட்டா'ன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு" என்றாள். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. ஆனையூரில் என் வீட்டுக்கும் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் பேசினால் நீ நடுவில் மறித்துப் பேசுவாய், நானும் அழுதுவிடுவேன். எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம்.

சந்திராவை உனக்கு நோயாளியாகத்தான் தெரியும். நாகமலை புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலமெல்லாம் அதே வளாகத்துப் பால்வாடியில் அவள்தான் டீச்சர். அவள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற சத்தம் எங்கள் சமையற்கட்டுவரை வரும். சமையல்காரம்மாவும் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டேதான் சோறு வடிப்பாள். காலையில் வாசலில் நின்று "அக்கா, முட்டை வந்துருச்சா?" என்று சந்திரா கேட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருக்கிறவன் "வந்துருச்சு தாயி" என்று பதில் சொல்வான். அப்படிப்பட்ட தொண்டை. நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் பழக்கம் விடவில்லை. கழுத்தில் கட்டி வந்து, அது தைராய்டு, எடுத்துவிட வேண்டும் என்று சொன்னபோது அவள் ஆபரேஷனுக்குப் பயந்துபோய் என்னிடம்தான் வந்தாள். "எதுக்குடி பயப்படுற, எம் மகன்கிட்ட போ" என்று சொல்லி நானே அவளை உன்னிடம் கூட்டிவந்தேன். நீ அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லக்கா, கொஞ்ச நாள்ல பால்வாடிக்குப் போயிரலாம்" என்று சிரித்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஒரு தாய்க்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவளுக்குக் குரல் இல்லை. காற்றுதான் வந்தது. உள்ளே வீக்கம் இருக்கிறது, சரியாகிவிடும் என்று நீ சொன்னாய். என்னிடமும் அதையே சொன்னாய், நானும் அவளிடம் அதையே சொன்னேன். மாதங்கள் போயின. அவளும் வீட்டுக்காரரும் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நீ ஆபரேஷன் தியேட்டரில் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அவள் வீட்டுக்காரர் முருகேசன் உன் மேல் மருத்துவ அதிகாரிகளுக்குப் புகார் எழுதிப் போட்டார். அந்த வாரம்தான் நீ எனக்குப் போன் செய்தாய். "அம்மா, ஒனக்குப் பழக்கமான பொம்பளதான. நீ போயி நல்ல வார்த்தை சொல்லி அந்தப் புகார வாபஸ் வாங்க வையேன்" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு நடுக்கம். மருத்துவக் கல்லூரித் தேர்வுக்கு முந்தைய நாள்கூட நீ அப்படி நடுங்கவில்லை. "அவளுக்கு ஏன்யா இன்னும் கொரலு வரல?" என்று கேட்டேன். நீ எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய். "கட்டி நரம்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. பிரிக்கையில அறுந்துருச்சு. அப்பவே தெரிஞ்சது எனக்கு." நீ அழுதாய் என்று நினைக்கிறேன். "இத யாருகிட்டயும் சொல்லிராத" என்றும் சொன்னாய். நான் சரி என்றேன். அந்த நேரத்தில் நீ கேட்டால் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிப் போனேன். உனக்காக அவர்கள் காலில் விழவும் தயாராகத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. முருகேசன் கதவைத் திறந்தார். லேத் பட்டறையில் வேலை பார்க்கிற மனிதர், அன்று வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனாலும் "வாங்கக்கா" என்றார். சந்திரா உள்ளேயிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் தழும்பு ஒரு கோடாகத் தெரிந்தது, நல்லபடியாகத்தான் ஆறியிருந்தது. ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து காதோரம் குனிந்து சொன்ன பிறகுதான், "பஸ்ஸுல எடம் கெடச்சுச்சாக்கா?" என்று கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

டீ போட்டுக் கொடுத்தாள். தானும் ஒரு டம்ளர் எடுத்து ஒரு வாய் குடித்தவளுக்குப் புரையேறிக்கொண்டது. சாதாரணப் புரை இல்லை. கண் பிதுங்க, மூச்சுக்குத் திணறிக்கொண்டு சுவரைப் பிடித்தாள். முருகேசன் எழுந்து முதுகைத் தட்டினார். தட்டிய விதத்தில் பழக்கம் தெரிந்தது. "தண்ணி குடிச்சாலும் இப்படித்தாங்க்கா" என்றார். வேலைக்குப் போகிறாயா என்று கேட்டேன். அவள் இல்லை என்று கையை ஆட்டினாள். பிறகு என் காதுக்கு அருகில் வந்து சொன்னாள். "நான் கிசுகிசுன்னு பேசுறதப் பாத்துட்டுப் புள்ளைகளும் கிசுகிசுன்னே பேசுதுகக்கா. ஒண்ணும் சத்தம் போட மாட்டேங்குது. பால்வாடி எழவு வீடு மாதிரி இருக்குன்னு பெரிய மேடம் வந்து பாத்துட்டு லீவு போடச் சொல்லிட்டாங்க." இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள்.

புகார் பற்றி நான் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது முருகேசனே தொடங்கினார். "ஒங்க மகன நான் குத்தம் சொல்லலக்கா. டாக்டரு பேசக் கூடாதுன்னு சொல்லித்தான் விட்டாராம். இவ கேட்டாளா? வீட்டுக்கு வந்த அன்னைக்கே எம் மகள போன்ல, வராத கொரல இழுத்துப் பிடிச்சு அந்தக் கத்து கத்துனா. அதுலதான் கொரலு திரும்பாமப் போயிருச்சுன்னு ஒங்க மகன் ஆஸ்பத்திரில சொன்னாங்க. வேற ஒரு தொண்டை டாக்டரு கொழாய விட்டுப் பாத்துட்டு, ஒரு பக்கத்து நரம்பு வேலை செய்யல, ஏன்னு ஆபரேஷன் பண்ணவர்தான் சொல்லணும்னாரு. நரம்பு அறுந்துருக்கா, சும்மா அடிபட்டுருக்கான்னு தெரிஞ்சாத்தான் காத்திருக்கிறதா, மேக்கொண்டு வைத்தியம் பாக்குறதான்னு சொல்ல முடியும்னாரு. அதக் கேக்கப் போனா ஒங்க மகன் பாக்க மாட்டேங்குறாரு. யாராச்சும் ஒரு பதில் சொல்லட்டுமேன்னுதான் எழுதிப் போட்டேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." அவர் இதைச் சொல்லும்போது சந்திரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும்க்கா. நானே வாபஸ் வாங்கச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். நாந்தானே பேசிக் கெடுத்துக்கிட்டேன். நான் செஞ்ச தப்புக்கு தம்பி பேரு ஏன் கெடணும்?"

பார்த்தாயா? நான் காலில் விழ வேண்டியிருக்கவில்லை. கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மிச்ச டீயைக் குடித்துவிட்டு, "அதான் சரி சந்திரா, மனசத் தேத்திக்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால் உன் வேலை முடிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். நானும் எழுந்துவிட்டேன், தம்பி. செருப்புவரை போய்விட்டேன். ஏன் திரும்பினேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டுமானால் உன் அப்பா செத்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதை உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். பாதிதான் தெரியும்.

உன் அப்பாவுக்குக் குடல் அடைப்பு வந்து ஆபரேஷன் என்று முடிவான காலை, அவர் தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்சினார். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாக்கு வறண்டு உதடு வெடித்து, "ஒரு வாய் குடுடி, செத்துருவேன் போல இருக்கு" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் போன பிறகு ஒரு வாய் கொடுத்தேன். ஆபரேஷன் நன்றாக முடிந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் வயிறு உப்பி, காய்ச்சல் கண்டு, தொட்டாலே அலறினார். ரவுண்ட்ஸ் வந்த ஆபரேஷன் டாக்டர் வாசல் பக்கமே நின்று "வாயு சேர்ந்திருக்கு, சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் உன் அப்பா இல்லை. ஆஸ்பத்திரி மேனேஜர் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போதே என்னிடம் கேட்டார். "ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதாச்சும் குடுத்தீங்களாம்மா?" நான் மறைக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "படிச்சுப் படிச்சுச் சொல்றோம். கேட்டாத்தானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. உன் பெரியப்பா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, "தண்ணியக் குடுத்தே எந் தம்பியக் கொன்னுட்டியேடி" என்று கத்தினார்.

அதற்கப்புறம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு நினைவிருக்குமா? நீ மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் உனக்குக் காய்ச்சல். பாயில் படுத்துக்கொண்டு, "அம்மா, தண்ணி" என்றாய். நான் சொம்பை எடுத்தேன். பாதித் தண்ணீர் என் சேலையில் கொட்டியது. பக்கத்து வீட்டுச் செல்வியைக் கூப்பிட்டு உனக்குக் கொடுக்கச் சொன்னேன். என் கையால் கொடுத்தால் நீயும் செத்துவிடுவாய் என்று நிஜமாகவே நம்பினேன். யார் வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுக்க மாட்டேன். கருமாதி முடிந்து பல நாள் ஆன பிறகும் அப்படித்தான். கிணற்றுப் பக்கம் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததும் உண்டு. உன்னை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே கேள்விதான் என்னைத் திருப்பிக் கூட்டிவந்தது.

அந்த டாக்டரை உன் மாமாதான் வக்கீல் வைத்து மிரட்டி உண்மையைக் கக்க வைத்தார் என்று நீ கேட்டு வளர்ந்தாய். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், கேட்க வீறாப்பாக இருக்கும். நானும் மறுத்துச் சொன்னதில்லை. நடந்தது அது இல்லை. ஒரு நாள் காலையில் நம் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்த டாக்டர். கூட யாரும் இல்லை. யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை, புகாரும் அதுவரை இல்லை. உன் மாமா அன்று வீட்டில் இருந்தார். உள்ளே வந்த டாக்டர் உட்காரவில்லை. நின்றுகொண்டே என்னிடம் சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரர் தண்ணி குடிச்சதால சாகலம்மா. குடல வெட்டித் தைச்ச எடத்துல தையல் விட்டு உள்ள கசிஞ்சிருக்கு. அது யாரு செஞ்சாலும் சில நேரம் நடக்கும். ஆனா அவரு வலிக்குதுன்னு கத்துனப்ப நான் வயித்தத் தொட்டுக்கூடப் பாக்கல. வாயுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அன்னைக்கே திரும்பத் தெறந்து பாத்திருந்தா பொழைச்சிருக்கலாம். தப்பு என்னோடது. ஒங்க மேல பழி போட்டுப் பேசிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதக் கேட்டுட்டு என்னால இருக்க முடியல."

உன் மாமா எழுந்து அவர் சட்டையைப் பிடித்து ஓங்கி அறைந்தார். கண்ணாடி தெறித்து மூலையில் விழுந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. நான் மாமாவைத் தடுக்கவும் இல்லை. எனக்கு அவர் சொன்னதில் ஒன்றுதான் காதில் ஏறியிருந்தது. "தண்ணியால இல்லயா?" என்று கேட்டேன். "இல்லம்மா" என்றார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார். பைத்தியக்காரி மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. நாசமாய்ப் போவாய் என்று மண்ணை வாரித் தூற்றினேன். அவர் குனிந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் புகார் கொடுத்தோம். விசாரணையில் அவர் எங்கள் வீட்டில் சொன்ன அதே வார்த்தைகளைச் சொன்னார். ஆஸ்பத்திரி வக்கீல் அவரை நிறுத்தப் பார்த்தார், அவர் நிற்கவில்லை. கொஞ்ச காலம் தொழில் செய்யக் கூடாது என்று தீர்ப்பானது. ஆஸ்பத்திரி அவரை வெளியே அனுப்பியது. நான் அவரை மன்னித்தேன் என்று நினைக்காதே. இன்றுவரை மன்னிக்கவில்லை. வலிக்குது என்று அலறின மனுசனின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் போனதை எப்படி மன்னிக்க முடியும்? ஆனால் அவர் வந்துபோன அன்று சாயங்காலம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தண்ணீர் கேட்டாய். நான் மொண்டு கொடுத்தேன். நீ குடித்துவிட்டு விளையாட ஓடினாய். உனக்கு அது ஒன்றும் இல்லை.

பல வருடம் கழித்து அவரை ஒரு தடவை பார்த்தேன். பசுமலையில் ஒரு சின்ன கிளினிக்கில், முட்டி வலிக்காகப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் அவர்தான் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் எல்லாம் செய்வதில்லை போல. காய்ச்சலுக்கும் சளிக்கும் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றுவிட்டார். "பையன் என்ன பண்றாம்மா?" என்று கேட்டார். "டாக்டருக்குப் படிக்கிறான். ஆபரேஷன் டாக்டராகணும்னு சொல்றான்" என்றேன். குத்திக் காட்டத்தான் சொன்னேன். அவர், "முடிஞ்சா வேற எதாச்சும் எடுக்கச் சொல்லுங்கம்மா" என்றார். "இதுல தப்பே செய்யாதவன் ஒருத்தனும் கெடையாது. செஞ்ச பெறகு என்ன செய்வோங்கிறது அந்த நேரம் வந்தாத்தான் நமக்கே தெரியும்." நான் மருந்துகூட வாங்காமல் எழுந்து வந்துவிட்டேன். உன்னிடமும் இதைச் சொல்லவில்லை. என் மகனுக்கு நீ யார் புத்தி சொல்ல என்ற கோபம்.

இப்போது சந்திரா வீட்டு வாசலுக்கு வருகிறேன். செருப்பில் ஒரு காலை விட்டபடி திரும்பிப் பார்த்தேன். அவள் புரையேறின வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டு, என்னை வழியனுப்பச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தன் குற்றத்துக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டு, மற்றவர்கள் மனம் நோகக் கூடாதே என்று சிரிக்கிற முகம். நான் அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். உன் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர், நீயாகவே இருக்கலாம், "பேசினீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவள் மறைக்காமல் ஆமாம் என்றிருக்கிறாள். என்னிடம் அந்த மேனேஜர் கேட்ட அதே கேள்விதான், தம்பி. ஒன்றும் தெரியாத மனிதர்களை அடிக்க அதைவிட லேசான வழி கிடையாது.

உள்ளே திரும்பிப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். "சந்திரா, நீ பேசுனதால போகலடி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "ஒன் கொரலு நீ பேசுனதால போகல. நீ ஊரையே கூட்டிக் கத்தியிருந்தாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." முருகேசன் மெதுவாக எழுந்து நின்றார். "அப்ப எதனாலக்கா?" "அத எம் மகன் வாயால சொல்லணும். நான் கூட்டிட்டு வாரேன்" என்றேன். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. நரம்பு அறுந்ததைச் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டியதை உனக்காகத்தான் விட்டுவைத்தேன்.

நன்றி சொன்னார்கள் என்று நினைக்காதே. முருகேசன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். "இம்புட்டு நாளா இவள ஏசிக்கிட்டே கெடந்தேனேக்கா. ஒரு நாக்கூட சும்மா விடலயே" என்று தலையில் அடித்துக்கொண்டார். சந்திரா அழுதாள். வாய் முழுக்கத் திறந்திருந்தது, தொண்டை நரம்பெல்லாம் புடைத்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை, இனி பார்க்கவும் வேண்டாம். அவளைத் தொடப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். வாசலைக் காட்டினாள். உதடு அசைந்ததில் "போங்க" என்றது மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. அவளை உன்னிடம் கூட்டிவந்ததே நான்தானே.

பஸ் ஸ்டாப்பில் நின்றே உனக்குப் போன் செய்தேன். நீ முழுதாகக் கேட்கவில்லை. "ஒன்னைய எதுக்கு அனுப்புனேன், நீ என்ன செஞ்சுட்டு வந்திருக்க? என்னைய அழிச்சிட்டியேம்மா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். பிறகு முருகேசன் விசாரணையில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். டாக்டரின் தாயாருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள் என்று. வியாழக்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் வக்கீல் சொல்லிக் கொடுத்ததைக் கவிதா எனக்குச் சொன்னாள். "அந்த அக்காவப் பாக்கப் பாவமா இருந்துச்சு, ஆறுதலுக்கு எதையோ சொன்னேன், எனக்கு மருத்துவம் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க அத்தை." பாவம், அவளுக்கும் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. நான் அப்படிச் சொல்லப் போவதில்லை.

உன் கை தவறியதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. எத்தனை பேரை நீ பிழைக்க வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நோயாளிக்கு மோசம் என்றால் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறவன் நீ. கட்டி நரம்போடு ஒட்டியிருந்தது, அறுந்தது. அன்று அவள் கண் விழித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி ஆகிவிட்டது அக்கா, இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், முருகேசன் உன் சட்டையைப் பிடித்திருப்பார். அதோடு அவளை அன்றைக்கே சரியான இடத்துக்கு அனுப்பியிருக்கலாம். நீ வீக்கம் என்றாய். அந்த ஒரு சொல்லை நம்பி அவள் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தாள். இப்போதும் அந்தத் தொண்டை டாக்டர் உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார். நீ பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவளுக்குத்தான் கெடுதல். கோயம்புத்தூர் போனால் உனக்குப் பிரச்சினை ஆறலாம். அவளுக்கு எது ஆறும்?

உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். பசுமலையில் மாத்திரை எழுதிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தவள் நான். உன் பெயர் கெடும். உன்னோடு படித்தவர்கள் உன்னைத் தவிர்ப்பார்கள். உன் ஆஸ்பத்திரி உன்னைக் கைவிடும். நீ இத்தனை வருடம் கண் விழித்துப் படித்ததெல்லாம் ஒரு நாளில் கைவிட்டுப் போகலாம். சந்திரா உன்னை மன்னிக்கவும் மாட்டாள், அவள் மன்னிக்க வேண்டும் என்று நீ எதிர்பார்க்கவும் கூடாது. இதெல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன். பெற்றவள் இப்படிச் சொல்வாளா என்று நீ கேட்கலாம். பெற்றதால்தான் அன்று முதலில் ஒன்றும் சொல்லாமல் கிளம்பச் செருப்பில் கால் விட்டேன்.

வியாழக்கிழமை காலையில் போகிறேன். கேட்டால், நீ போனில் என்னிடம் சொன்னதை நீ சொன்ன வார்த்தையிலேயே சொல்வேன். ஒரு சொல் கூட்ட மாட்டேன், ஒரு சொல் குறைக்க மாட்டேன். நீ அழுததையும் சொல்வேன். ஆனால் நீ எனக்கு முன்னால் வந்து, உன் வாயால் அதைச் சொல்லிவிட்டால், என்னை யாரும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்காது. நான் உனக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். முருகேசன் உன்னை அடிக்க எழுந்தாலும் தடுக்க மாட்டேன். எல்லாம் முடிந்து நீ வெளியே வரும்போது உன்கூட நடந்து வருவேன்.

அம்மா